கோழித் தீவனக் கூடை

ஜெயராணி மாடிப்படி ஏறி வருவதற்கு முன்பே அவள் கூடையின் வாசம் ஏறி வந்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கும் கடலோர உணவு ஆய்வுக் கழகத்துக்குக் கருவாட்டு வாசம் புதிதல்ல. ஆனாலும் அன்று நிமிர்ந்து பார்க்க, அங்கே ஆய்வு செய்யும் எழிலரசிக்குத் தயக்கமாக இருந்தது.

"டாக்டரம்மா, இந்தா. வாளை, நெத்திலி, சென்னாக்குன்னி எல்லாம் இருக்கு. எதுல வேணும்னாலும் கைய விட்டு எடு. மெஷின்ல போட்டுப் பாரு. நல்லாருந்தா நல்லாருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் குடு."

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள் எழிலரசி. என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

"கொளஞ்சியப்பன் வேணாங்குறான். என் வாளைக் கருவாட்டப் போட்டே மெஸ்ஸ வளத்தவன். நியூஸ் பேப்பர மடிச்சு கல்லாவுக்குக் கீழ வச்சிருக்கான், என்னியக் கண்டதும் எடுத்துக் காட்டுறான். கிள்ளைக் கருவாட்டுல பாதிக்கு மேல கிருமியாம். ஏன்டா கொளஞ்சி, இத்தினி வருசமா ஒங்கிட்டத் தின்னவன்லாம் செத்தா போயிட்டான்னு கேட்டேன். போனவன் எவனும் திரும்பி வந்து சொல்லலியேக்காங்கறான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு குரலை இறக்கினாள்.

"நீ சாம்பிளு கேட்டு வந்தப்ப நாங்க எல்லாருந்தான குடுத்தோம்? அதுல ஒருத்தி கெட்டதக் குடுத்திருக்கா எழிலு. வேற யாரு, சவரியம்மாதான். உப்புல கஞ்சத்தனம் பண்றவ அவ ஒருத்திதான். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் சங்கம் கூடுது. இனிமே அவளத் தளத்துல காயவைக்க விடுறதில்லன்னு பேசி வச்சிருக்கோம்."

கடலோர ஊரான கிள்ளையில் அந்தப் பெண்கள் சங்கம் வைத்து வாங்கிய சிமெண்டுத் தளம் அது. வலை போர்த்திய பரண்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே இடம் இல்லாதவள் மணலில் பரப்ப வேண்டும். மணலில் காய்ந்ததை எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். சவரியம்மாளின் பிழைப்பே அந்தத் தளத்தில்தான் இருந்தது.

"பாக்குறேன்க்கா" என்றாள் எழிலரசி. கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கெட்ட மாதிரி எங்கிருந்து வந்தது என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதைப் புரிந்துகொள்ள, இதுமாதிரி ஒரு கழகத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். உணவில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கிருமிக்கே சாப்பாடு போட வேண்டும். கண்ணாடித் தட்டில் கூழ்போல ஊற்றி வைக்கும் அந்தச் சாப்பாடு கொள்ளை விலை. அது கெடாமல் இருக்கக் குளிர்ப்பெட்டி, கிருமி வளர வெதுவெதுப்பான பெட்டி, இரண்டுக்கும் இரவு பகலாக மின்சாரம். உறுப்பினர் சந்தாவில் வாடகையும் கரண்ட் பில்லும் அடையும். மற்றதற்கு யாரிடமாவது போய் நிற்கத்தான் வேண்டும்.

முதலில் அரசாங்கத்திடம் நின்றார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமா என்று கேட்டார்கள். அங்கீகாரம் வாங்க நல்ல கருவிகள் வேண்டும், கருவிகள் வாங்கப் பணம் வேண்டும், பணம் தர அங்கீகாரம் வேண்டும். செக்குமாடு மாதிரி இரண்டு வருஷம் சுற்றினார்கள். அடுத்து ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி, சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தருவதாக முன்வந்தது. ஒரே நிபந்தனை, முடிவுகளை வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் காட்ட வேண்டும். எழிலரசி எழுந்து வந்துவிட்டாள். "முடிவுல எவன் கையும் படக்கூடாது சார்" என்று பொருளாளர் செம்பியனிடம் சொன்னபோது அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை இருந்தது. கல்லூரியில் வேதியியல் நடத்தும் செம்பியன் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாகச் சென்னையில் ஓர் அறக்கட்டளை. அவர்கள் முடிவைப் பார்க்கக் கேட்கவில்லை. என்ன பிரச்சினை, யாருக்கு, எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டார்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் சிறு ஆய்வு ஒன்றையும் காட்டச் சொன்னார்கள். இது நியாயமான கேள்விதான். நோய் இருக்கிறது என்று தெரியாமல் மருந்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? எழிலரசி தான் ஆய்வில் கண்டதை அப்படியே எழுதினாள். கிள்ளைக் கருவாடு பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது, தொடர்ந்து கண்காணிப்பது நல்லது. பதில் மரியாதையாக வந்தது. தேவை போதிய அளவு நிறுவப்படவில்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது, பணம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தச் சமயத்தில் அவளிடம் இன்னும் நிறையப் பொட்டலங்கள் இருந்தன. கருவாட்டைக் காப்பது உப்பும் வெயிலும். உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுக்கும், வெயில் அதை ஆவியாக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் காயும்போது ஒரு மழை விழுந்தால் உப்பு கரைந்து ஓடும், தண்ணீர் திரும்ப உள்ளே போகும், இரண்டு மூன்று நாளில் மேலே ரோஜா நிறத்தில் ஒரு படலம் பிடிக்கும். அப்படி நனைந்ததை ஜெயராணி விற்கமாட்டாள். தனிக் கூடையில் போட்டுச் சுவரோரம் வைத்துவிடுவாள். புவனகிரிப் பக்கத்திலிருந்து கோழித் தீவன வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போவான்.

"கெட்டுப்போனது இருந்தாலும் குடுங்கக்கா, கிருமி எப்படி வளருதுன்னு பாக்கணும்" என்று எழிலரசிதான் கேட்டாள். அப்போது அவள் மனதில் கள்ளம் இல்லை. ஜெயராணி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ரோஜா நிறம் ஏறிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். "இது ஒனக்கு உதவுதா? எடுத்துக்கோ கண்ணு, கோழிக்குப் போறதுதான" என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். வெயிலில் வந்தாயே என்று ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள்.

இரண்டாம் முறை விண்ணப்பம் எழுதியபோது விற்பனைக் கருவாட்டுக்கும் தீவனக் கூடைக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு அட்டவணைகளை எழிலரசி ஒன்றாக்கினாள். அவ்வளவுதான் செய்தாள். மேலே 'கிள்ளைப் பகுதியில் சேகரித்த மாதிரிகள்' என்று தலைப்புப் போட்டாள். அதில் ஒரு சொல் பொய் இல்லை. தீவனக் கூடையும் கிள்ளையில்தான் இருந்தது. எந்த எண்ணையும் அவள் மாற்றவில்லை. எதை எண்ணினோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் கெட்டது என்று வந்தது.

பணம் வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்துத் தொடக்க விழா நடந்தது. அறக்கட்டளையின் அதிகாரி ரேகா சால்வை போர்த்தினார், அந்தப் 'பாதிக்கு மேல்' என்ற வரியைத் திரையில் பெரிதாகக் காட்டினார். முன்வரிசையில் இருந்த நிருபர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அந்த நொடியில் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழிலரசி சால்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெயராணி இப்போது கொண்டுவந்த கூடையிலிருந்து எடுத்தவை புதிய வெதுவெதுப்புப் பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தன. தட்டுகளை வெளியே எடுத்தபோது கூழ் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. நல்ல கருவாடு. அந்தப் பெட்டி எந்தப் பணத்தில் வந்தது என்பதை நினைத்தபடி அவள் வெகுநேரம் நின்றாள்.

அட்டவணைகளை ஒன்றாக்கியதைச் செம்பியனிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரெண்டாவது தவணை இன்னும் வரல எழில். அத நம்பித்தான் ரெண்டு பேரச் சம்பளத்துக்கு எடுத்திருக்கோம்."

"தெரியும் சார்."

"கெட்டது கெட்டதுதான? நீ ஒண்ணும் இட்டுக்கட்டலியே. இந்தப் பணம் வந்ததால அவுங்களுக்கும் நல்லதுதான். மேல மேல டெஸ்ட் பண்ணி நல்லாருக்குன்னு நாமளே நிரூபிப்போம்."

இதையேதான் எழிலரசி தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்று தெரிந்தது.

"அதுக்குள்ள சவரியம்மாவ மணலுக்குத் தள்ளிடுவாங்க சார். அந்தக் கம்பெனிக்காரன் முடிவப் பாக்கத்தான் கேட்டான். நான் முடிவயே சமைச்சிட்டேன்."

சனிக்கிழமை ரேகாவுக்குப் போன் செய்தாள். தீவனக் கூடையைப் பற்றி மறைக்காமல் சொன்னாள்.

"எங்க போர்டுல எல்லாரும் அந்த ஒரு வரியத்தான் பிடிச்சுக்கிட்டாங்க மேடம்" என்றார் ரேகா. "எழுத்துல அனுப்புங்க. அடுத்த தவணைய நிறுத்தி வைக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

எழிலரசி அனுப்பினாள். பத்திரிகைக்கும் அனுப்பினாள். மறுநாள் காலை கிள்ளைக்கு பஸ் ஏறினாள்.

மாதா கோயிலில் பூசை முடிந்து பெண்கள் தளத்து ஓரத்தில் கூடியிருந்தார்கள். சவரியம்மாள் மட்டும் தன் கூடையோடு தனியாக நின்றாள்.

"உப்புக் கஞ்சின்னு சொன்னியே ஜெயராணி, வாடி, வந்து என் வாளைய நக்கிப் பாரு. அப்புறம் தண்ணி கேக்காத."

"பேப்பர்ல வந்திருக்குடி. நானா எழுதுனேன்?"

"எழுதுனது நான்க்கா" என்றாள் எழிலரசி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தக் கெட்ட சாம்பிள் சவரியம்மா குடுத்தது இல்ல. நீங்க யாருமே விக்கிறதுக்கு வச்சிருந்தது இல்ல. ஜெயராணியக்கா வீட்டுச் செவுத்தோரக் கூடைலேர்ந்து வந்தது."

ஜெயராணிக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்தக் கூட? அது கோழிக்குப் போறதுடி."

"ஆமாக்கா."

"ஒனக்கும் தெரியும்ல? சொல்லித்தான குடுத்தேன்."

"தெரிஞ்சுதான் சேத்தேன். கெட்டது ஜாஸ்தின்னு காட்டுனாத்தான் பணம் தருவாங்க. அதுக்காகச் சேத்தேன்."

முதலில் வாய் திறந்தவள் சவரியம்மாள்தான். "கோழித் தீனிய மனுசன் தீனின்னு எழுதிப் பணம் வாங்கியிருக்க. கோழிகிட்டயாவது ஒரு கையெழுத்து வாங்குனியா?" யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எழிலரசிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. திட்டினால் இன்னும் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜெயராணி திட்டவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுக்கிப் பொறுக்கி நாந்தான கட்டிக் குடுத்தேன். நல்லா செவந்ததாப் பாத்துக் குடுத்தேன். புள்ளைக்கு உதவுமேன்னு."

"அக்கா..."

"அதோட விட்டேனா? இவமேல பழியும் போட்டுட்டேன்." அவள் எழிலரசியைப் பார்க்கவில்லை. சவரியம்மாளின் காலடியில் இருந்த கூடையைத் தூக்கித் தளத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். "பரத்துடி சவரி. மானம் மூடுறதுக்குள்ள ஒரு வெயிலு படட்டும்."

பெண்கள் ஒவ்வொருவராகப் பரண் பக்கம் போனார்கள். இரு என்றோ போ என்றோ யாரும் சொல்லவில்லை. அடுத்த பஸ் வரும்வரை எழிலரசி சாலையோரம் நின்றாள்.

பத்திரிகையில் திருத்தம் வந்தது. மனை விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரி. ஜெயராணிக்குப் பரிசோதனைத் தாளை எழிலரசி சீல் வைத்துக் கொடுத்தனுப்பினாள். கொளஞ்சியப்பன் அதைப் படித்துவிட்டு, வாடிக்கைக்காரர்கள் முட்டைக் குழம்புக்குப் பழகிவிட்டார்கள் என்றாராம். சம்பளத்துக்கு எடுத்த இருவரில் ஒருவரை நிறுத்த வேண்டிவந்தது. செம்பியன் அதற்குப் பிறகு கம்பெனிக் கதையை எங்கும் சொல்லவில்லை. அறக்கட்டளை ஒரு வாய்ப்புக் கொடுத்தது. விற்பனைக்கு வைத்ததிலிருந்து மட்டும், ஒவ்வொருவரிடமும் முறையாக மாதிரி எடுத்து முழு ஆய்வையும் மறுபடி செய்ய வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் அதை வைத்துத்தான் மேற்கொண்டு யோசிப்பார்கள். கருவாடு நன்றாக இருந்தால் ஒருவேளை பணம் வராமலே போகலாம். அது எழிலரசிக்குத் தெரியும்.

சுத்தமான பைகளோடு அவள் மறுபடி கிள்ளைக்குப் போனாள். முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் "மாதாவுக்குன்னா குடுப்பேன், ஒனக்குக் கெடையாது" என்றார்கள். சவரியம்மாள் பையைத் தட்டிவிட்டாள். கடைசியில் ஜெயராணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

சுவரோரம் அந்தக் கூடை இருந்தது. இப்போது அதன்மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது.

"எழுது" என்றாள் ஜெயராணி.

"என்னக்கா?"

"பையில எழுதுவியே, அத மொதல்ல எழுது. அப்புறந்தான் தருவேன்."

எழிலரசி ஊர் எழுதினாள், தேதி எழுதினாள், வாளை என்று எழுதினாள்.

"இன்னும்."

"அவ்ளோதான்க்கா எழுதுறது."

"யாரு திங்கறதுக்குன்னு எழுது."

பேனா வெயிலில் சூடாகியிருந்தது. 'மனிதர் உண்பதற்கு' என்று எழிலரசி எழுதினாள். ஜெயராணி பையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு உள்ளே போய், விற்பனைக் குவியலின் நடுவில் கையை விட்டு, பார்க்காமல் எடுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மோரு இல்ல இன்னிக்கி" என்றாள், யாரும் கேட்காமலே.

"பரவால்லக்கா."

பையின் வாயை மூடிக் கட்டிக்கொண்டு எழிலரசி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.