மார்லிஸ் மை பூசிய பில்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வைத்தியச் செலவுப் படிவத்திலிருந்து கிடைத்தது. பதினெட்டு வருஷமாக அமெரிக்காவின் பால் மாநிலமான விஸ்கான்சினில் குப்பை கொட்டுகிறேன். இந்த ஊரில் பாலைக் குறை சொல்லி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பனி மூடிய அந்தக் காலையில் மார்லிஸ் குப்லி—'

வேண்டாம். பனியை விட்டால் இந்த ஊருக்குள் நுழைய வேறு வாசலே இல்லையா? அடித்தாயிற்று.

2
மார்லிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலாளி வெர்லினின் சீஸ் ஆலையில் ருசி பார்க்கிறவள். காலையில் பால் திரிந்து திரண்ட சீஸ் இளங்கட்டியை அவள் கடித்து, பல்லில் கீச்சென்று சத்தம் கேட்டு, தலையை ஆட்டினால்தான் லாரி கிளம்பும். அப்பேர்ப்பட்டவளுக்குப் பால் செரிக்காது. ஆஸ்பத்திரிச் சோதனையே சொல்லிவிட்டது. சோதனைக்கு அறுநூறு டாலர்; காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

[இங்கே ஓர் அடிக்குறிப்பு வரவேண்டும். தாளின் அடியில் இடமில்லை. வெர்லின் தன் ஒன்பது ஆட்களுக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார். காப்பீட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். சந்தாவோ வைத்தியச் செலவோ, பில்லைக் காட்டினால் வருஷ வரம்புக்குள் ஆலை திருப்பித் தரும். வாங்குகிறவருக்கு வரி இல்லை. கொடுக்கிறவருக்கு அது தொழில் செலவு. பில் இல்லையென்றால் பைசா இல்லை. யாரும் கேட்காத பணம் வெர்லினிடமே தங்கிவிடும்.]

3
பில்லைச் சரிபார்க்க வெளிக் கம்பெனி வைத்தால் கட்டணம் கேட்பார்களே என்று வெர்லின் தன் அக்கா கெர்டாவை உட்கார்த்தி வைத்தார். (முதல் பிரதியில் கெர்டாவை வில்லியாக எழுதினேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

மார்லிஸ் சோதனையின் பெயர் மீது கறுப்பு மையை அப்பிக்கொண்டு போய் நீட்டினாள்.

"என்னடி இது, பில்லா, வரிக்குதிரையா?"

"தேதி இருக்கு, தொகை இருக்கு. போதாதா?"

"என்ன வைத்தியம்னு தெரியணும்ல? அழகுக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்தா அதுக்குத் தர முடியாது."

"எனக்கா? அழகுக்கா? மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன். ஊசி இல்ல. வேற என்னன்னு சொல்லு."

மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள். "வெர்லினுக்குத் தெரிஞ்சா என் வேலை போச்சு, கெர்டா. இருபத்தாறு வருஷம். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

(இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்புக் கதை எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவன் நான்!)

கெர்டா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மைக்குப் பின்னால் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"பில் பாஸ். இதுல பாத்ததை அவன்கிட்ட மூச்சு விடமாட்டேன். சட்டம் அப்படி."

"நீயா? வெள்ளிக்கிழமை மீன் விருந்துல ஊர் வயித்தையெல்லாம் அலசுறவ நீ!"

"அது வேற மேசை, இது வேற மேசை." கெர்டா குரலைத் தாழ்த்தினாள். "மாத்திரை போட்டா சரியாப் போயிடும்டி. நம்ம வெர்லினே அந்த மாத்திரையைப் பதினோரு வருஷமா போட்டுட்டுத்தான் இருக்கான்."

மார்லிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அடிப்பாவி! சட்டம்னியே, இதை ஏன் என்கிட்ட சொன்ன?"

"முதலாளிக்குத் திட்டத்துல இடமில்ல. கைக்காசு போட்டு வாங்குறான். என்கிட்ட பில்லே குடுக்காதவன் ரகசியத்தை நான் எதுக்குக் காப்பாத்தணும்?"

4
அப்போது பார்த்து வெர்லின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் தட்டு, அதில் சூடு ஆறாத இளங்கட்டி.

"மார்லிஸ், இது புதுசு. வா, சேந்து ருசி பாப்போம்."

இரண்டு முடிவு எழுதி இரண்டையும் கிழித்தேன். அவள் தன் வயிற்றைப் பற்றி அவரிடம் சொன்னால் வேலை நிலைக்கலாம். ஆனால் இத்தனை நாள் இல்லாத தைரியம் இன்று எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார், கெர்டா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் இருவரும் ஆளுக்கொரு கட்டியைக் கடித்து, "ஆஹா, அருமை" என்று ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டே ஓய்வு பெறுவார்கள்.

கெர்டா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்கிறாள். வெர்லின் ஒரு கட்டியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மார்லிஸ் வாயைத் திறந்துவிட்டாள். பேசவா, கடிக்கவா? என்னால் முடியவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம், அவளுக்கு வாய் வலிக்கும்.