அரக்கப் பாம்பின் வாய்

பூசையில் சாமியார் ஆண்டவரின் உடலான அப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு அன்றைக்குத் திடீர்ச் சாவு கிடையாது. எங்கள் ஊரில் பன்றி மேய்க்கிறவனுக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் நிறைமாதமாக இருந்த என் மனைவி இடோனியா, பிள்ளை பிறக்கிற அன்று அதைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதல் இரண்டு பிரசவத்திலும் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதில் அவளே சாவின் வாசல் வரை போய்த் திரும்பினாள். எனக்கும் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் எங்கள் கோயிலில் எதையும் பார்க்க முடியாது. முகர மட்டும் தாராளமாக முகரலாம். ஈரக் கம்பளி, பூண்டு, கொழுப்பு விளக்கு, தரையில் பரப்பிய நாணலுக்குள் யாரோ எப்போதோ தவறவிட்ட மீன், எல்லாவற்றுக்கும் மேல் சாம்பிராணி. மணி அடித்ததும் எல்லாரும் மண்டியிட வேண்டும். பின்னால் மண்டியிட்டால் மாவு ஆலைக்காரர் மனைவி விமார்க்கின் தலைத்துணி மறைக்கும். அதன் கீழ் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம். முன்னால் போனால் பீடத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற மரத்தடுப்பு மறைக்கும். இடோனியாவோ குள்ளம். போதாக்குறைக்கு ஆஸ்பர்ன் சாமியாருக்குத் தோள் பிடிப்பு. நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார், அதுவும் மூட்டை மாதிரி முதுகு. மூன்று வருஷமாக அப்பம் அவர் மூக்கைத் தாண்டி மேலே ஏறியதில்லை.

"மரம் மாதிரி நிக்காம ஏதாவது பண்ணுங்க" என்றாள் இடோனியா.

பண்ணினேன். ஊரே புல் அறுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், பலகை துளைக்கிற தமரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தேன். மரத்தடுப்பில், பிள்ளை பெறுகிறவர்களுக்குத் துணை நிற்கும் புனிதை மார்கரீத்தம்மாளை வரைந்திருக்கும். அவர் காலடியில் வாயைப் பிளந்தபடி அரக்கப் பாம்பு. பாம்பின் வாய்க்குள் கறுப்புச் சாயம், அதில் துளை போட்டால் யார் கண்ணுக்கும் படாது. இடோனியா மண்டியிட்டால் அவள் கண் அங்கேதான் வரும். வீட்டிலேயே அவளை மண்டியிட வைத்துக் கயிற்றால் அளந்து வைத்திருந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்கரீத்தம்மாள் திருநாள் அன்று காலையிலேயே இடோனியாவுக்கு வலி கண்டது. பேசாமல் படு என்று மருத்துவச்சி திட்டினாள். இவள் கேட்டால்தானே. என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் வேலியைப் பிடித்து நின்று, கோயிலுக்கு வந்து பாம்புக்கு முன்னால் மண்டியிட்டாள்.

மணி அடித்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கினார்கள். எல்லார் பார்வையும் மேலே போனது. இடோனியா துளையில் கண்ணை வைத்தாள். தெரிகிறதா என்று அவள் காதோடு கேட்டேன்.

"முதுகு தெரியுது."

அவள் உயரத்துக்குத் துளை போட்டேனே தவிர, அங்கிருந்து என்ன தெரியும் என்று நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழ நேரமில்லை. கண்ணை எடுத்துவிட்டு வாயைத் துளையில் வைத்தாள்.

"சாமி, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. எனக்கு வலி எடுத்திருச்சு."

அந்த அமைதியில் குரல் பலகைக்குள்ளிருந்தே வந்த மாதிரி இருந்தது. மார்கரீத்தம்மா பேசுகிறார் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். விமார்க் நாணலில் மல்லாந்து விழுந்தாள். சாமியாரின் இரண்டு கைகளும் விருட்டென்று மேலே போயின. அவர் தோளில் சடக்கென்று கேட்ட சத்தம் வாசல் வரை எட்டியது. ஊர் மொத்தமும் அப்பத்தைப் பார்த்தது, துளையில் வாயை வைத்திருந்த என் மனைவியைத் தவிர.

நல்லவேளை, போன கைகள் திரும்பி வரவில்லை. தோள் பூட்டிக்கொண்டது. சாமியார் திரும்பிப் பார்க்கப் பயந்து, போதுமா தாயே என்று கேட்டார். இடோனியா சாவகாசமாகக் கண்ணைத் துளைக்குக் கொண்டுபோனாள். வேண்டிய மட்டும் பார்த்தாள். பிறகு மறுபடி வாயை வைத்து, போதும் சாமி என்றாள். பூசைக்கு உதவுகிற கோயில்பிள்ளை வந்துதான் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் போய் ஓவென்று அழுதேன்.

மறுநாள் ஞானஸ்நானம். பிள்ளைக்கு மார்கரீத் என்றே பெயர். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் மெழுகுத்திரியோடு வந்து பாம்பின் முன்னால் வரிசை கட்டியிருந்தார்கள். சாமியாரும் தோள் பிடிப்பு விட்டு, கையை நன்றாக வீசி நடந்தார். தண்ணீர் ஊற்றி முடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஹாமோ, மார்கரீத்தம்மா கன்னி. அவங்களுக்கு எதுக்குடா வலி எடுக்குது?"

நான் தரையைப் பார்த்தேன். நாணலுக்குள் அந்த மீன் இன்னும் கிடந்தது.

"அடுத்த பிள்ளைக்கு ரெண்டு துளையாப் போட்டுடு" என்றார். "கண்ணுக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு."