மச்சினன் கொடுத்த காப்ஸ்யூல்

முட்டி தேய்ந்த மனிதர் ஒரே மாதத்தில் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் யாருக்கும் மகிழ்ச்சிதான் வரும். சலூன்காரரின் மனைவிக்குச் சந்தேகம்தான் வந்தது.

வருடக்கணக்கில் நாற்காலியைச் சுற்றி நின்றே தேய்ந்த முட்டி அது. வலி மாத்திரை விழுங்கி விழுங்கி வயிற்றில் புண் வந்ததும், "இனிமே அதைத் தொட்டீங்கன்னா ரத்தம் கக்குவீங்க" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த நேரம் பார்த்து, தொட்ட தொழிலையெல்லாம் கவிழ்த்துவிட்ட அவளுடைய தம்பி, தேய்ந்த முட்டியை மறுபடி வளர்க்கும் என்று ஒரு சத்துக் காப்ஸ்யூலை விற்கக் கிளம்பினான். டப்பாக்கள் சலூன் கண்ணாடி முன் வந்து உட்கார்ந்தன. முகத்தில் சோப்பு நுரையோடு இருப்பவரையும் அவன் விடுவதில்லை.

"மாமா, சாருக்கு ஒருதடவை உட்கார்ந்து எழுந்து காட்டுங்க!"

அவரும் காட்டுவார்.

"என்னடா கலந்து தொலைக்கிறாங்க இதுல?" என்று அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்துதான்க்கா. வெறும் சத்து."

"சத்துக்கு இவ்வளவு வேகமாடா?"

"உனக்கு என்னைக்கு என்மேல நம்பிக்கை இருந்துச்சு?"

இல்லைதான். உச்சிப்பொழுதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர், இப்போது விடிந்ததுமே சாப்பிட ஏதாவது கொடு என்று வந்து நிற்கிறார். முன்பு வலி மாத்திரை விழுங்கிய நாட்களில் வீங்கியது போலவே கணுக்கால் வேறு வீங்கியிருக்கிறது. காப்ஸ்யூலுக்குள் வலி மருந்துதான் இருக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். தம்பி தெரிந்து விற்கிறானோ தெரியாமல் விற்கிறானோ, போவது தன் புருஷன் உயிர். ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டிலிருந்த காப்ஸ்யூல்களைப் பிரித்துக் கொட்டி, வெறும் மாவை அடைத்து வைத்தாள்.

ஒரு வாரம் மாவைத் தின்றவர் அதே தடதடப்போடு படியிறங்கினார்.

சந்தேகம் தம்பியை விட்டு இறங்கிப் புருஷன்மேல் ஏறியது. அவர் அசந்த நேரத்தில் கடை இழுப்பறையைக் குடைந்தாள். பிளேடு பெட்டிக்கு அடியில் வலி மாத்திரை அட்டைகள், பாதி காலியாக.

"இதுவும் போச்சுன்னா அவன் எங்க போவான், சொல்லு?" என்றார் அவர், கத்தரிக்கோலைத் துடைத்தபடி. "என் முட்டியே தேறலைன்னா எவன் வாங்குவான்? வெறும் வயித்துல போடறதில்ல. பயப்படாதே."

"அவன் பிழைக்க நீங்க சாகணுமா?"

"சரி சரி, கத்தாதே. நிறுத்திடறேன்."

நிறுத்தும்வரை வயிறு பொறுக்கவில்லை. மறுநாள் காலை முகம் கழுவப் போனவர் கறுப்பாக வாந்தியெடுத்துச் சரிந்தார். தம்பிதான் வண்டி பிடித்து, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

"என்னென்ன மருந்து சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார்.

தம்பி பேயறைந்தவன்போல் நின்றான். "என்னாலதான் டாக்டர்... என் காப்ஸ்யூல்தான்..."

படுக்கையில் கிடந்தவர் அவளைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை மெல்ல அசைத்தார். அவள் மாத்திரை அட்டைகளை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"தம்பிமேல தப்பில்ல டாக்டர். அவரா வாங்கிப் போட்ட மாத்திரை இது. அவன் குடுத்ததுல ஒண்ணுமே இல்ல."

தம்பிக்கு மூச்சு திரும்பியது. அக்கா சொன்ன அந்த 'ஒண்ணுமே இல்ல' அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சுவரோரம் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தான்.