தலைவரைப் பின்னிய கோலாட்டம்

மலாயா சுதந்திரம் அடையப்போவதில் மலாக்காவிலேயே அதிகம் பூரித்துப்போனவர் கலியாணசுந்தரம். காரணம், கொண்டாட்டக் குழுவின் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்திருந்தது. கிடைத்த அன்றே சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். நாடு அதற்குப் பிறகுதான் தயாரானது.

ஊரின் காஜா பேராங் பகுதி மண்டபத்தில் நடனம் சொல்லிக்கொடுக்கும் கமலவேணியை அழைத்து, விழாவில் சமத்துவத்தைப் பற்றி ஓர் ஆட்டம் வேண்டும் என்றார். கையோடு இன்னொன்றும் சொன்னார். ஆள் பற்றவில்லையே என்று துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான லைனிலிருந்து விழாவுக்கு மட்டும் சேர்த்த அஞ்சலையும் பவுனும் பின்வரிசையில்தான் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் சங்கடப்படுவார்களாம். சமத்துவத்திலும் முன்வரிசை, பின்வரிசை உண்டென்று கமலவேணிக்கு அன்றுதான் தெரிந்தது.

சரி என்றாள். வாதாடியிருந்தால் அந்த இருவரையும் அப்போதே அனுப்பியிருப்பார்கள். அவர்களை ஒளித்துவைத்து ஆட்டுவிக்கவும் அவளுக்கு மனமில்லை. ஆகவே பின்னல் கோலாட்டத்தை எடுத்தாள். உத்தரத்துக் கொக்கியிலிருந்து வண்ணத் துணிக்கயிறுகள் தொங்கும். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி உள்ளே ஒருத்தி வெளியே என்று சுற்றிவரச் சுற்றிவர, மேலே சடை பின்னிக்கொண்டே இறங்கும். வந்த வழியே திரும்பி ஆடினால் அவிழும். வட்டத்துக்கு ஏது பின்வரிசை?

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில்தான் இது தலைவருக்கு உறைத்தது. அஞ்சலை முன்னால் வந்தாள், போனாள், மறுபடியும் வந்தாள். அவர் எழுந்து, நேரே கயிறுகளுக்கு நடுவே போய் நின்று பேசத் தொடங்கினார். எங்கே போனாலும் நடுவில் நிற்பது அவர் வழக்கம். சுதந்திரம் வேறு, ஒழுங்கு வேறு என்றார். மிருதங்கம் நிற்கும்வரை கயிற்றை விடக்கூடாது என்பது பெண்களுக்குச் சொல்லிவைத்த பாடம். மிருதங்கம் வாசித்த தியாகுவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கமலவேணிக்கும் சொல்லத் தோன்றவில்லை. பேச்சு நீள நீளச் சடை இறங்கி, தலைப்பாகையை அமுக்கி, தோளைக் கட்டி, மார்புவரை வந்துவிட்டது.

"அதனால அந்த ரெண்டு பொண்ணுங்களும் வெளிய போகலாம்" என்று முடித்தார்.

மிருதங்கம் நின்றது. அஞ்சலையும் பவுனும் கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்கள். தலைவரும் தம் நாற்காலிக்கு நடக்கப் பார்த்தார். முடியவில்லை. குழு உறுப்பினர் இருவர் பிடித்து இழுத்தார்கள். இன்னும் இறுகியது.

துணி கொடுத்த கடைக்காரர் ஹனீபா எட்டிப் பார்த்தார். "சபார் லா, தலைவரே. பொறுமையா இருங்க. கத்திரிக்கோல் இருக்கு, வெட்டிரலாம். நாளைக்கு ஆட்டம்தான் இருக்காது. பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்களே, என்னத்தக் காட்டுவீங்க?"

அவரவர் வந்த வழியில் அவரவரே திரும்பினால்தான் அவிழும், வேறு ஆள் பிடித்தால் முடிச்சு விழும் என்று கமலவேணி விளக்கினாள்.

"அப்ப அவங்கள கூப்பிடுங்க, டீச்சர்."

"போகச் சொன்னது நீங்க. நீங்களே கூப்பிடுங்க."

"ஏய், பொண்ணுங்களா..."

வாசலில் யாரும் திரும்பவில்லை.

"அவங்களுக்குப் பேர் இருக்கு, தலைவரே."

இருந்தது; தலைவருக்குத்தான் தெரியாது. சமத்துவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக உரை எழுதிவைத்திருந்தவர், சடைக்குள் நின்றபடி தாழ்ந்த குரலில் பெயர்களைக் கேட்டார். கமலவேணி சொன்னாள். கூப்பிட்டார்.

இருவரும் வந்தார்கள். அஞ்சலை கயிற்றைக் கையில் எடுத்தாள், அடியெடுத்து வைக்கவில்லை. "இப்ப அவுக்கிறதுக்கு மட்டுமா, இல்ல நாளைக்கும் ஆடணுமா?"

மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருந்தது. "நாளைக்கும்தான்" என்றார் தலைவர், தலையசைக்க வழியில்லாமல்.

மறுநாள் மேடையில் அஞ்சலையும் பவுனும் முன்னால் வந்தபோதெல்லாம் முதலில் கைதட்டியவர் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் பக்கத்திலிருந்த விருந்தினரிடம், இது தம்முடைய யோசனை என்றார். கமலவேணி மறுக்கவில்லை.

"தலைவர் யோசனையேதான், ஐயா. விழாவோட விடாம, லைன் பிள்ளைங்கள மண்டபத்து வகுப்புலயே சேர்க்கணும்னு இருக்காரு."

விருந்தினர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

அடுத்த வகுப்புக்கு அஞ்சலையும் பவுனும் எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டார்கள், லைனிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.