ஒரே புகைபோக்கி

1
இந்தக் கதைக்குக் காரணம் அச்சுதன். மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக் கேஸ் ஹீட்டரின் புகைபோக்கியோடு விறகு உலையைச் சேர்த்துக் கொடுத்த நண்பன். போன ஜனவரியில் என் மனைவி விஷாகா இறந்தாள். நான் ஆபீஸ் வேலையாக டல்லாஸில் இருந்தேன். வரும் சனிக்கிழமை அவன் இன்னொரு நண்பர் சேனாபதி வீட்டில் அதே வேலையைச் செய்யப்போகிறான்.

2
தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்த மாலையில் விஷாகா

(வேண்டாம். பனியை வர்ணிக்க மாட்டேன்.)

வேறு தொடக்கம்: விறகு உலைக்குத் தனிப் புகைபோக்கி வேண்டும். கேஸ் ஹீட்டருடையதில் சேர்த்தால் விறகின் கரி அதை அடைக்கும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

இது கதையா என்பீர்கள். எனக்குத் தெரிந்த கதை இதுதான்.

3
அச்சுதனை வாசகர் நம்புவாரா என்று சந்தேகம். இவ்வளவு நல்லவன் எப்படி? விஷாகாவின் காரியத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தவனும் அவன்தான்.

"சேனாபதி வீட்லயும் ஒரே சிம்னியா?"

"டேய், உங்க வீட்ல அது கேஸ் ஹீட்டர் பிராப்ளம்."

"சிம்னிலேர்ந்து கரிய வாளியில அள்ளினாங்க. நீயும் பாத்த."

"ரெஸ்ட் எடு மச்சி. சாப்டியா?"

"பர்மிட் அப்ளை பண்ணியா?"

"பர்மிட் வர்றதுக்குள்ள சம்மரே வந்துரும்டா."

4
சேனாபதியை அழைத்தேன். அவர் மனைவி வசந்தாமணி ஃபோனை வாங்கினார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க தம்பி. ஆனா நம்மூட்டுல டிடெக்டர் இருக்குதுங்கல்ல?"

இருக்கிறது. புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அலறும் கருவி. கிரகப்பிரவேச ஹோமப் புகைக்கு அலறக் கூடாதென்று அதன்மேல் ஷவர் கேப் மாட்டி டேப் ஒட்டியதும் இருக்கிறது. [நம் ஆட்கள் எல்லா வீட்டிலும் செய்வது. உயரமானவன் என்பதால் எல்லா வீட்டிலும் அச்சுதனே மாட்டுவான். எங்கள் வீட்டிலும்.] தீபாவளிக்குப் போனபோதும் பார்த்தேன். அப்படியே இருந்தது.

சொன்னேன்.

"கழட்டச் சொல்றேனுங்க. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இழவு வீட்டுக் குரல்.

5
முடிவு அ: சனிக்கிழமை அச்சுதன் வரவில்லை. (பொய். அவன் வாக்குத் தவறாதவன்.)

முடிவு ஆ: மறுநாள் காலை அவர்கள் மகள் வெண்பாவை எழுப்பப் போன

(எழுத மாட்டேன்.)

பர்மிட் கொடுக்கும் டவுன்ஷிப் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். பதில் இல்லை. இதை நம் வாட்ஸாப் குழுவில் போடுகிறேன். நான் பேசினால் பாவம் என்கிறீர்கள். கதை என்றால் கடைசிவரை படிப்பீர்கள்.

சேனாபதி, படித்துவிட்டுக் கைகூப்பும் படம் போடாதீர்கள். நாற்காலி போட்டு ஏறுங்கள். ஷவர் கேப்பைக் கழற்றிப் படமெடுத்து அனுப்புங்கள். பிறகு அச்சுதனை வாசலிலேயே நிறுத்தி, இரண்டாவது புகைபோக்கி எங்கே என்று கேளுங்கள்.

6
(இந்த இடம் சேனாபதிக்கு.)