மே.தெ. டிரான்ஸ்பார்மர்

தங்கமாரியின் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிய அந்தக் கணம் பார்த்து, காலை பத்தரைக்கு, டப்பென்று பீஸ் போனது. சத்தம் வாலாஜாபாத் வரைக்கும் கேட்டிருக்கும். மின்விசிறி மூன்று சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு உயிரை விட்டது. 2013 சித்திரை. ஒரகடத்துக்கு வெளியே சூசைராஜ் கட்டி வாடகைக்கு விட்டிருந்த பன்னிரண்டு அறைகளுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே ஒரு முட்டையை வைத்தால் பத்தே முக்காலுக்குக் குஞ்சு பொரித்து, பதினோரு மணிக்கு அதுவே வறுவலாகிவிடும். நைட் ஷிப்டு முடித்து வந்தவர்கள் பகலில் தூங்குவதற்கென்று கட்டிய அறைகள் அவை!

கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் தங்கமாரி நின்றபடியே இரண்டு முறை கண்ணயர்ந்திருக்கிறாள். இரண்டாம் முறை சூப்பர்வைசர் வந்து எழுப்பியபோது, கையிலிருந்த மஞ்சள் ஒயர்களைச் சடையென்று நினைத்து அழகாகப் பின்னி முடித்திருந்தாள். "இன்னொரு தடவ பாத்தேன், ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார் அவர். சங்கரன்கோவிலில் இறங்கினால் பீடித்தட்டும் அத்தை மகனும் காத்திருப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று அவளால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

பழைய டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை, புதிது வேண்டும் என்று சூசைராஜ் கரண்டு ஆபீசுக்கு இருபது மனு கொடுத்திருந்தார். அவர் வாயில் அது இரண்டாயிரம். பதில் ஒன்றுதான்: உங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் போன வருடமே போட்டாயிற்று, ரிஜிஸ்டரில் இருக்கிறது. "போட்டானாம்! எங்க போட்டான், ஏரிக்குள்ளயா?" என்று மனைவி ரூத்திடம் கத்துவார், அவளே ஒளித்து வைத்தது மாதிரி.

"ஏட்டி, கத்தி என்ன செய்ய? மேப்புல குத்துவோம்" என்றாள் அறைத்தோழி கவியா. கரண்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைத் தங்கமாரி செல்போனில் படமெடுத்து வந்தாள். எந்த டிரான்ஸ்பார்மர், எவ்வளவு தாங்கும், அதில் எத்தனை இணைப்பு என்றெல்லாம் அதில் இருந்தது. இணையத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய வரைபடம் ஒன்றில் இருவரும் அதை ஏற்றினார்கள். தொட்டால் விவரம் விரியும். கரண்டு போன வீட்டுக்காரர்கள் தங்கள் கூரைமேல் சிவப்புப் புள்ளி வைக்கலாம். பக்கத்து ஹாஸ்டல் பெண்கள் வைத்தார்கள், டீக்கடைக்காரர் வைத்தார், பாதிரியார்கூட வைத்தார். மூன்றே வாரத்தில் ஊருக்கு அம்மை போட்டிருந்தது.

கவியாவின் லேப்டாப்பில் சூசைராஜ் முதலில் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் பூரித்தார். பிறகு மேற்கு ஓரத்தில், ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில் குத்தியிருந்த டிரான்ஸ்பார்மர்மேல், அவர் கண் நின்றது.

"இன்னாமா இது, மேலத் தெரு? இந்த ஊர்ல அப்டி ஒரு தெருவே கெடையாதே."

"மேக்க இருந்தா மேலத் தெருதான, அண்ணாச்சி? பட்டியல்ல மே.தெ.ன்னு சுருக்கிப் போட்டிருந்துச்சு."

சூசைராஜ் சிரித்த சிரிப்பில் ரூத் கரண்டியோடு ஓடி வந்தாள். "மே.தெ.ன்னா மேட்டுத் தெருமா! நாம குந்தினுகீறமே, இந்தத் தெருதான்!"

தங்கமாரிக்கு முகம் சிவந்தது. தப்பாகக் குத்தியதை அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது. தப்புதான். ஆனால் கொடி நட்டு, கல் ஊன்றி, ஒரு வீடுகூட எழும்பாத அந்தக் காலி மனைகளுக்கு நடுவே புத்தம்புது டிரான்ஸ்பார்மர் நிற்பதைத் தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்க்கிறாளே!

"அண்ணாச்சி, அப்ப நமக்கு வந்தத அங்க கொண்டுபோய் நட்டது யாரு?"

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், சூசைராஜையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். பொறியாளர் வானமாமலை நாங்குநேரிக்காரர். அதை நட்டவரும் அவர்தான். அவர் தலைக்கு மேல் மின்விசிறி புயலாகச் சுற்ற, செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"மே.தெ.ன்னா..." என்று இழுத்தார். "எங்க ஊர்ல மேலத் தெருதான்."

"எங்க ஊர்லயும் அதான் சார்."

"சர்தான், ரெண்டு பேருமா சேந்து எங்க தெருவ அந்தாண்ட தூக்கினு பூட்டீங்க!" என்றார் சூசைராஜ்.

வானமாமலை பேனா மூடியைத் திறந்தார், மூடினார். எழுதினால் தன் தப்பைத் தானே எழுதியதாகிவிடும். "இத யாரெல்லாம் பாக்க முடியும்?"

"உலகமே பாக்கலாம் சார்" என்றாள் தங்கமாரி. கொட்டாவி வந்தது; அடக்கவில்லை. "நான் தூங்கணும் சார். அவ்வளவுதான்."

வானமாமலை மறுபடி பேனா மூடியைத் திறந்தார். "மாத்தி வைக்கச் சொல்லி மேல எழுதுதேன். எப்ப ஆர்டர் வரும்னு தெரியாது. குழிய மட்டும் இப்பமே தோண்டச் சொல்லுதேன்."

"மேலன்னா... மேக்காலயா சார்?" என்றார் சூசைராஜ்.

அடுத்த வாரம் ஒரு காலையில் தங்கமாரி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மேட்டுத் தெரு முனையில் இரண்டு குழிகள் இருந்தன. ஆள் ஆழம். சூசைராஜ் அதற்குள் ஊரெல்லாம் பனைமர ஆழம் என்று சொல்லிவிட்டிருந்தார். கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் குவித்திருந்த மண் ஈரமாக, குளுகுளுவென்று இருந்தது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றாமல் மண் மேட்டில் சாய்ந்து வாய் திறந்து தூங்குகிறவளுக்கும் சூரியனுக்கும் நடுவே, ஓட்டைக் குடையொன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு சூசைராஜ் நின்றார். ஹாரனில் கை வைக்கப் போன லாரிக்காரனைப் பார்த்து, சத்தமே வராமல், கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டிருந்தார்.