பதினோராம் தேதிக்கு எதிரே

பதிவேட்டில் பொய் இருந்தால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். தணிக்கை அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகவே சுமந்துகொண்டு முப்பது வருஷம் திரிந்தேன்.

அந்த வனச்சரக அலுவலகத்தில் ரோந்துப் பதிவேட்டைப் பிரித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் காவலர் என்றைக்கு எந்தப் பாதையில் சுற்றினார் என்று அன்றன்று எழுத வேண்டிய நோட்டு. மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கை. அன்றைக்குத் தேதி இருபது. இவர்களோ இருபத்தொன்பது வரைக்கும் "விலங்கு நடமாட்டம் இல்லை" என்று எழுதிவைத்திருந்தார்கள். வரப்போகிற வாரத்துக்குக் கரடியிடமே எழுதி வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. விடுவேனா? பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். இனி ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்ற முடியாது.

ரேஞ்சர் கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒரே ஒரு வரி. பதினொண்ணாம் தேதி மட்டும் திருத்திக்க விடுங்க."

"எதுக்கு?"

"வெளிய பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க பாருங்க. அவங்க வீட்டுக்காரர் எங்க காவலர். பதினொண்ணாம் தேதி ஏரிக்கரையில ரோந்து போனப்ப கரடி அடிச்சிடுச்சு. ஆள் போயிட்டார். மாசம் பொறந்ததுமே எழுதி வெச்ச நோட்டு சார் இது. அதுல அன்னைக்கு அவருக்கு லீவு. இன்னொருத்தர் வரலன்னு நான்தான் போன் போட்டுக் கூப்பிட்டேன். இன்னைக்குத்தான் அவங்க மனு வந்துச்சு. திருத்தலாம்னு எடுத்தேன், நீங்க வந்துட்டீங்க."

பணியில் இறந்தால்தான் மனைவிக்கு வேலை. வேலை கிடைத்தால்தான் அந்தம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் துறையின் குடியிருப்பில் இருக்க முடியும். அவ்வளவும் அந்த ஒரு வரியில் இருந்தது.

"ஒரு பொய்ய எழுதிட்டு, அது மேல அடிச்சு இன்னொண்ணு எழுதுவீங்களா? என் முத்திரை பட்ட பக்கத்துல கை வெச்சீங்கன்னா உங்க வேலைக்கே உலை வெச்சிடுவேன்" என்று கத்தினேன்.

கத்திய சூட்டோடு வெளியே போய் அந்தம்மாவிடம் நானே பேசினேன்.

"கவலப்படாதீங்கம்மா. இந்த நோட்டே பொய்யின்னு அறிக்கை எழுதப் போறேன். நோட்டு பொய்யின்னா லீவும் பொய்தானே?"

"நீங்க எழுதினா ஒத்துக்குவாங்களா சார்?"

"ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

எவ்வளவு திமிர் எனக்கு.

நான்கு மாதம் கழித்துத் துறையின் பதில் வந்தது. முன்கூட்டி எழுதப்பட்டவை மாதாந்திரத் திட்டக் குறிப்புகளாம். மற்றவை அன்றன்று எழுதியவையாம். காவலர் பதினோராம் தேதி விடுப்பில் இருந்ததைப் பதிவேடு சரியாகவே காட்டுகிறதாம். பதிவேட்டில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள தணிக்கை முத்திரையே சான்றாம்.

படித்து முடித்த கையோடு ரேஞ்சருக்குப் போன் செய்தேன்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க? அத எழுதிக் குடுங்க."

அவர் மென்று முழுங்கினார். "உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கக் கூப்பிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன் சார். நோட்டு பொய்யின்னு நானே ஒத்துக்கிட்டா முதல்ல என் சீட்டுத்தான் கிழியும். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

என் மேலதிகாரியிடம் சண்டை போட்டேன். "பதில்தான் வந்துடுச்சில்ல, விடுங்க. ரிட்டையர் ஆகப்போற நேரத்துல எதுக்கு வம்பு?" என்று சொல்லி, கோப்பில் ஒரே வரி எழுதி மூடிவிட்டார்.

போன வாரம் அந்தம்மா என் அலுவலகத்துக்கே வந்தார். கையில் துறை ஆட்கள் தட்டச்சு செய்து கொடுத்த மனு. கணவர் விடுப்பில் இருந்தார், விறகு பொறுக்கப் போனார், காட்டு எல்லைக்கு வெளியே கரடி தாக்கியது, வாரிசு வேலை கேட்க மாட்டேன் என்று இருந்தது.

"கையெழுத்துப் போட்டா பொதுஜனங்களுக்குக் குடுக்கற நிவாரணமாவது வரும்ங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள வீட்டையும் காலி பண்ணணும். நீங்க ஒருவாட்டி படிச்சுப் பாருங்க சார்." மனுவை என் பக்கம் நகர்த்தினார். "அன்னைக்கு அந்த வரியத் திருத்தறேன்னு ரேஞ்சர் கேட்டாராமே?"

"கேட்டார்மா. நான்தான் விடல."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு காகிதத்துக்குள் குனிந்தேன்.

வரிக்கு வரி பொய். ஆனால் மூன்றாவது வரியில் "ஏரிக்கரை" என்று உண்மையான இடத்தைப் போட்டுவிட்டார்கள். ஏரி காட்டுக்குள்ளே இருக்கிறது. எல்லைக்கு வெளியே விறகு பொறுக்கியவர் அங்கே எப்படிச் செத்தார் என்று என்னைப்போல ஒருவன் கேட்டால் மனு திரும்பிவிடும்.

"இங்க பாருங்கம்மா. ஏரிக்கரைங்கறத எடுத்துட்டு சாலையோரம்னு போடச் சொல்லுங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. போட்டதும் கையெழுத்துப் போட்டுடுங்க."

"சாலையோரம்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "பொண்ணுங்ககிட்டயும் இப்படியே சொல்லிடட்டுமா சார்? அப்பா ரோந்துல செத்தாருன்னு பெரியவ பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறா."

"சொல்லிடுங்கம்மா" என்றேன்.